மூன்று நாடுகளில் ஒரு வாழ்க்கை: சில்வானுஸ் ஒலிம்பியோவும் மூடப்பட்ட எல்லையும்

மேற்கு ஆபிரிக்காவின் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கினி வளைகுடாவின் கரையில் மூன்று நாடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. மேற்கே கானா, நடுவே டோகோ, கிழக்கே பெனின். நடுவில் இருக்கும் டோகோ ஓர் ஒடுங்கிய நாடு. அதன் கடற்கரையின் நீளம் 60 கிலோமீற்றருக்கும் குறைவு. ஆனால் வடக்கு நோக்கி 500 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது.

இந்த மூன்று நாடுகளிலும் மூன்று இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். கானாவில் க்பாண்டோ என்னும் ஊர். டோகோவில் தலைநகர் லோமே. பெனினில் அகுவே என்னும் கரையோரச் சிற்றூர். டோகோவின் முதலாவது ஜனாதிபதி சில்வானுஸ் ஒலிம்பியோ முதலாவது இடத்தில் பிறந்தார். இரண்டாவது இடத்தில் ஆட்சி செய்தார், அங்கேயே கொல்லப்பட்டார். மூன்றாவது இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஒலிம்பியோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர் கொல்லப்பட்ட இரவைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு அந்த இரவைவிட அதற்கு முந்திய 15 ஆண்டுகளே முக்கியமாகத் தெரிகின்றன. ஒரே மொழி பேசும் மக்களை இரண்டாகப் பிளந்த எல்லையை நீக்குங்கள் என்று உலக மன்றத்தில் வாதாடிய மனிதர், பின்னர் அதே எல்லையைக் காக்கும் ஆட்சியாளராக எப்படி மாறினார்? அயல்நாட்டோடு கைகோர்த்திருக்க வேண்டியவர், அந்த அயல்நாட்டின் பகையை ஏன் சம்பாதித்தார்? இந்தக் கேள்விகளோடுதான் அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறேன்.

அவர் பிறந்தது 1902 செப்டெம்பர் 6ஆம் திகதி. அப்போது க்பாண்டோ, லோமே இரண்டுமே ஜேர்மனியர் ஆண்ட டோகோலாந்து என்ற ஒரே குடியேற்ற நாட்டுக்குள் இருந்தன. அவருடைய பாட்டனார் பிரேசிலிலிருந்து வந்து இந்தக் கரையில் குடியேறி வணிகம் செய்தவர். பிரேசிலிலிருந்து திரும்பி வந்த ஆபிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் இந்தக் கரையோரம் முழுவதும் பரந்திருந்தன. இன்று கானா, டோகோ, பெனின், நைஜீரியா என்று பெயர் பெற்றிருக்கும் நாடுகளில் அவர்களுக்கு உறவினர்களும் கடைகளும் இருந்தன. எல்லை என்பது அவர்களுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த சங்கதி.

1914 ஓகஸ்டில் முதலாம் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களிலேயே பிரித்தானியப் படைகளும் பிரெஞ்சுப் படைகளும் டோகோலாந்தைக் கைப்பற்றின. சில்வானுஸ் அப்போது பன்னிரண்டு வயதை எட்டிக்கொண்டிருந்த சிறுவன். போர் முடிந்ததும் வென்றவர்கள் நாட்டைப் பங்கிட்டார்கள். மேற்கில் மூன்றில் ஒரு பங்கு பிரித்தானியாவுக்கு, கிழக்கில் மூன்றில் இரண்டு பங்கு பிரான்சுக்கு. பிரித்தானியா தன் பங்கைப் பக்கத்திலிருந்த கோல்ட் கோஸ்ட் குடியேற்ற நாட்டோடு சேர்த்தே நிர்வகித்தது. அந்த கோல்ட் கோஸ்ட்தான் பின்னாளில் கானா ஆனது. இப்படியாக ஒலிம்பியோ பிறந்த ஊர் ஒரு வல்லரசிடமும், அவர் குடும்பம் வாழ்ந்த லோமே இன்னொரு வல்லரசிடமும் போய்ச் சேர்ந்தன.

இந்தக் கோடு எவே மக்களின் நடுவே சென்றது. கோல்ட் கோஸ்டின் தென்கிழக்கிலும், பிரித்தானிய டோகோலாந்திலும், பிரெஞ்சு டோகோலாந்திலும் அவர்கள் பரந்து வாழ்ந்தார்கள். வீடு ஒரு பக்கமும் தோட்டம் மறுபக்கமுமாகப் பல குடும்பங்கள் பிரிந்தன. இரு பக்கத்துக்கும் வேறு சுங்க வரி, வேறு ஆட்சி மொழி, வேறு பாடத்திட்டம். பணமும் வேறு. மேற்கே பிரித்தானிய மேற்கு ஆபிரிக்கப் பவுண். கிழக்கே பிரெஞ்சுப் பிராங்கு, 1945 டிசெம்பரிலிருந்து சீஎப்ஏ பிராங்கு. அயலூர்ச் சந்தைக்கு ஒரு கூடை மரவள்ளியைக் கொண்டுபோகும் பெண் இறக்குமதியாளராகிவிட்டாள். சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று பழகியவர்களுக்கு இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை.

ஒலிம்பியோ இலண்டன் பொருளியல் கல்லூரியில் படித்தவர். பட்டம் பெற்றபின் யூனிலிவர் குழுமத்தில் சேர்ந்தார். அதன் ஆபிரிக்க வணிகப் பிரிவான ஐக்கிய ஆபிரிக்கக் கம்பனியில் படிப்படியாக உயர்ந்து, 1938 அளவில் லோமேயில் அதன் பொது முகாமையாளரானார். ஓர் ஆபிரிக்கர் அத்தகைய பதவியில் இருப்பது அந்தக் காலத்தில் மிக அரிது. எவே, ஜேர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துக்கேயம் என்று பல மொழிகள் அவர் நாவில் புழங்கின. கொக்கோ, பாம் எண்ணெய், துணி என எந்தப் பொருள் எந்தத் துறைமுகத்தில் என்ன விலைக்குப் போகிறது என்பதை அறிந்திருந்தார். எல்லைக் கோடு மக்களிடமிருந்து எவ்வளவு பணத்தைப் பறிக்கிறது என்பது அவருக்குக் கணக்குப் புத்தகத்திலேயே தெரிந்த விடயம். அவருடைய அரசியல் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறந்தது என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தப் பகுதியின் பிரெஞ்சு நிர்வாகம் விஷி அரசின் பக்கம் நின்றது. பிரித்தானியச் சார்புடையவர் என்ற சந்தேகத்தில் 1942இல் ஒலிம்பியோவைக் கைது செய்து, இன்றைய பெனினின் வடக்கே தடுத்து வைத்தார்கள். அந்தத் தடுப்புக்காவல் பிரெஞ்சு ஆட்சி மீது அவருக்கிருந்த எஞ்சிய நம்பிக்கையையும் குலைத்தது.

போருக்குப் பின் இரண்டு டோகோலாந்துகளும் ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்பாட்சி மன்றத்தின் மேற்பார்வைக்குள் வந்தன. ஆள்பவை பிரித்தானியாவும் பிரான்சுமே என்றாலும், மக்கள் நேராக அந்த மன்றத்துக்கு மனுச் செய்ய வழி பிறந்தது. எவே அமைப்புகள் அந்த வழியை விடவில்லை. 1947இல் ஒலிம்பியோ நியூயோர்க் சென்று, பொறுப்பாட்சி மன்றத்தின் முன் தம் மக்களின் மனுவை நேரில் எடுத்துரைத்தார். அந்த மன்றத்தின் முன் அப்படித் தோன்றிய முதலாவது மனுதாரர் அவர்தான். எவே மக்களை ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவாருங்கள் என்பதே அவருடைய கோரிக்கை. ஆள்வோரைத் தாண்டி உலகத்தின் காதில் நேராகப் பேசலாம் என்பதை ஆபிரிக்கா முழுவதற்கும் அவர் காட்டினார்.

மனு கேட்கப்பட்டது. ஆண்டுக்கு ஆண்டு விவாதிக்கப்பட்டது. குழுக்கள் அமைக்கப்பட்டன, அறிக்கைகள் எழுதப்பட்டன. எல்லை மட்டும் அசையவில்லை. பிரித்தானியாவும் பிரான்சும் சில சலுகைகளைக் கொடுத்து, அடிப்படைக் கோரிக்கையைத் தள்ளிப்போட்டன. மனுக்களோடு படியேறி இறங்கிய எவருக்கும் இந்தக் கதை புதிதாக இராது. 1954இல் பிரெஞ்சு நிர்வாகம் அந்நியச் செலாவணி விதிகளை மீறினார் என்று ஒலிம்பியோ மீது வழக்குப் போட்டு, அவர் தேர்தலில் நிற்கும் உரிமையையும் பறித்தது.

இதற்கிடையில் அயலில் இன்னொரு தலைவர் எழுந்துவிட்டார். கோல்ட் கோஸ்டின் குவாமே நிக்ருமா முழு ஆபிரிக்காவின் ஒற்றுமையைக் கனவு கண்டவர். பிரித்தானிய டோகோலாந்து தம் நாட்டோடு சேர வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1956 மே 9ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபையின் மேற்பார்வையில் அங்கே சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. கோல்ட் கோஸ்டோடு சேர 93,095 பேர் வாக்களித்தார்கள். சேராமலிருக்க 67,492 பேர் வாக்களித்தார்கள். மொத்தக் கணக்கில் 58 வீதம் சேர்வதற்கு ஆதரவு. ஆனால் எவே மக்கள் செறிந்து வாழ்ந்த தெற்கில், ஹோ, க்பாண்டோ மாவட்டங்களில், சேர வேண்டாம் என்ற வாக்குகளே அதிகம். மொத்தக் கணக்கே வென்றது. 1957 மார்ச் 6ஆம் திகதி கானா சுதந்திரமடைந்தபோது ஒலிம்பியோவின் பிறந்த ஊர் அயல்நாடாகிவிட்டது.

1958 ஏப்ரல் 27ஆம் திகதி பிரெஞ்சு டோகோவில் ஐக்கிய நாடுகள் சபையின் மேற்பார்வையோடு தேர்தல் நடந்தது. தாம் போட்டியிட முடியாத நிலையிலும் ஒலிம்பியோவின் டோகோ ஐக்கியக் குழு பெருவெற்றி பெற்றது. அவர் பிரதமரானார். சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1960 ஏப்ரல் 27ஆம் திகதி, டோகோ சுதந்திர நாடானது.

அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் எல்லையைப் பற்றிய பேச்சின் பொருளே மாறிவிட்டது. டோகோ தம் நாட்டின் இன்னொரு பிராந்தியமாகச் சேர்ந்துவிட்டால் எவே மக்களின் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நிக்ருமா வெளிப்படையாகவே பேசினார். மேற்குப் பகுதி டோகோவோடு திரும்பச் சேர வேண்டும் என்பது ஒலிம்பியோ தரப்பின் எண்ணம். இருவருமே மக்களை ஒன்றுசேர்க்க விரும்பினார்கள். ஆனால் எந்தக் கொடியின் கீழ் என்பதில் இருவரும் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. கானாவில் ஏறத்தாழ எழுபது இலட்சம் மக்கள், டோகோவில் பதினைந்து இலட்சத்தை ஒட்டி. சிறிய நாடு பெரிய நாட்டோடு சேர்ந்தால் அது கரைந்துபோகும் என்ற ஒலிம்பியோவின் அச்சத்தைத் தவறென்று சொல்ல என்னால் முடியவில்லை.

பகை முற்றியபோது அதன் விலையைச் சந்தைகள்தான் கொடுத்தன. கானா எல்லையை மூடியது. லோமே நகரம் எல்லைக் கோட்டின் மீதே அமைந்தது. நகரத்தின் மேற்கு வீதி முடியும் இடத்தில் கானாவின் அஃப்லாவோ தொடங்குகிறது. எல்லையை மூடுவது அங்கே தெருவை மூடுவதற்குச் சமம். அன்றாடம் மீனும் சோளமும் துணியும் கொண்டு நடந்த பெண்கள் நின்றுபோனார்கள். மறுபக்கத்தில் கொக்கோத் தோட்டம் வைத்திருந்தவர்கள் அறுவடைக்குப் போக முடியாமல் தவித்தார்கள். நேர்வழி அடைபட்டதும் காட்டுப்பாதை திறந்தது. கடத்தல் ஒரு தொழிலாகியது. பிற்காலத்தில் எந்தப் பக்கம் கொக்கோ விலை கூடுகிறதோ அந்தப் பக்கம் மூட்டைகள் இரவில் நகர்வது அந்த எல்லையின் வழமையாகவே ஆகிவிட்டது.

இரு நாடுகளும் ஒன்றின் அதிருப்தியாளருக்கு மற்றது புகலிடம் கொடுத்தன. கானாவிலிருந்து தப்பியவர்கள் லோமேயில் தங்கினார்கள். ஒலிம்பியோவோடு முரண்பட்ட டோகோ அரசியல்வாதி அந்துவான் மெயாச்சி கானாவுக்குப் போனார். 1962 ஜனவரியில் ஒலிம்பியோவைக் கொல்ல நடந்த முயற்சிக்கு டோகோ கானாவைக் குற்றம் சாட்டியது. அதே ஆண்டு ஓகஸ்டில் கானாவின் வட எல்லையில் குலுங்குகு என்ற ஊரில் நிக்ருமா மீது கைக்குண்டு வீசப்பட்டபோது, சூத்திரதாரிகள் டோகோவில் இருக்கிறார்கள் என்று கானா சொன்னது. அகதிகளைப் பார்க்கும் கண்ணும் மாறியது. அடைக்கலம் தேடி வந்தவன் நாளை ஆயுதமாகவும் பயன்படலாம் என்று இரு தலைநகரங்களும் எண்ணத் தொடங்கின.

ஒலிம்பியோவின் ஆட்சியில் நிழல்களும் உண்டு. அவற்றை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. 1961 ஏப்ரலில் அவர் ஜனாதிபதியாகத் தெரிவான தேர்தலில் எதிர்க்கட்சி நிற்கவிடப்படவில்லை. ஒரு காலத்தில் தமக்குத் தோள்கொடுத்த இளைஞர் இயக்கத்தின் தலைவர்களையே சிறையில் அடைத்தார். அயல்நாட்டின் சதி என்ற அச்சம் உண்மையானது. உள்நாட்டில் எழுந்த எதிர்ப்புக் குரலை அடக்கவும் அதே அச்சம் அவருக்குக் கைகொடுத்தது.

பொருளாதாரத்தில் அவர் கம்பனி முகாமையாளராகவே இருந்தார். வரவுக்குள் செலவு, கடனில் எச்சரிக்கை. 1961இல் டோகோவின் பொஸ்பேற்று ஏற்றுமதி தொடங்கியது. ஐவரி கோஸ்ட் தலைமையில் அயல் பிரெஞ்சு மொழி நாடுகள் 1959இல் அமைத்த நல்லிணக்க சபையில் அவர் சேரவில்லை. 1962 மே மாதம் அந்த நாடுகள் மேற்கு ஆபிரிக்க நாணய ஒன்றியத்தை அமைத்தபோதும் அவர் விலகியே நின்றார். பிரான்சின் திறைசேரியோடு பிணைக்கப்பட்ட நாணயம் முழுச் சுதந்திரம் ஆகாது என்பது அவர் எண்ணம். 1962 டிசெம்பரில் டோகோவுக்கென்று தனி மத்திய வங்கி அமைக்கச் சட்டம் நிறைவேறியது. மேற்கே கானாவோடு பகை, கிழக்கேயும் வடக்கேயும் பிரான்சை அண்டிய அயலவர்களிடமிருந்து விலகல். அந்த ஒடுங்கிய நாடு தனியே நின்றது.

அவருடைய சிக்கனம் இராணுவத்தையும் விடவில்லை. டோகோவின் படையில் ஏறத்தாழ 250 பேர்தான் இருந்தார்கள். அல்ஜீரியப் போர் முடிந்து, பிரெஞ்சுப் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சில நூறு டோகோ வீரர்கள் ஊர் திரும்பினார்கள். பெரும்பாலானோர் வடபகுதியைச் சேர்ந்தவர்கள். எங்களையும் படையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். சிறிய நாட்டுக்குப் பெரிய படை வேண்டாம் என்று ஒலிம்பியோ மறுத்துவிட்டார். கணக்குப் புத்தகத்தின்படி அவர் சொன்னது சரி. ஆனால் வேலையில்லாமல், துப்பாக்கி பிடிக்க மட்டும் தெரிந்து, மனக்குறையோடு திரும்பி வந்த மனிதர்களுக்கு அந்தக் கணக்கில் இடமே இருக்கவில்லை.

1963 ஜனவரி 12ஆம் திகதி நள்ளிரவை ஒட்டி அவர்கள் அவர் வீட்டுக்குள் நுழைந்தார்கள். ஒலிம்பியோ மதில் ஏறி, பக்கத்தில் இருந்த அமெரிக்கத் தூதரக வளவுக்குள் ஒளிந்தார். விடிவதற்கிடையில் கண்டுபிடிக்கப்பட்டு, 13ஆம் திகதி காலை தூதரக வாயிலருகே சுட்டுக் கொல்லப்பட்டார். சுதந்திரம் பெற்ற ஆபிரிக்க நாடொன்றின் ஜனாதிபதி இராணுவச் சதியில் கொல்லப்பட்டது அதுவே முதல் தடவை. அவர் உடல் எல்லை கடந்து அகுவேக்குக் கொண்டுசெல்லப்பட்டது. சதியில் ஈடுபட்டவர்களில் ஒருவர் எத்தியென் எயடெமா. சுட்டது தாமே என்று அவர் முதலில் செய்தியாளர்களிடம் சொல்லி, பின்னர் அதை மறுத்தார்.

கொலையின் பின்னால் கானா இருந்ததா என்று அயல்நாடுகள் உரக்கவே கேட்டன. அது நிரூபிக்கப்படவில்லை. கானா புதிய ஆட்சியை விரைவிலேயே அங்கீகரித்தது. நைஜீரியா, கினி போன்ற நாடுகள் கொதித்தன. 1963 மே மாதம் அடிஸ் அபாபாவில் ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பு உருவானபோது டோகோவின் ஆசனம் வெறுமையாக இருந்தது. அந்த அமைப்பின் சாசனத்தில் அரசியல் கொலைகளையும், அயல்நாடுகளின் நாசவேலைகளையும் கண்டிக்கும் வாசகம் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு கெய்ரோவில், சுதந்திரத்தின்போது இருந்த எல்லைகளையே ஏற்பது என்றும் தலைவர்கள் தீர்மானித்தார்கள். ஒலிம்பியோவின் மரணம் அயல்நாட்டில் தலையிடாதே என்ற விதிக்கு வலுச் சேர்த்தது. அவர் இளமையில் நீக்கக் கேட்ட கோடோ நிரந்தரமாகிவிட்டது.

தனி நாணயத் திட்டமும் அவரோடு போனது. அவர் மைத்துனரும் அரசியல் போட்டியாளருமான நிக்கோலா குருனிற்ஸ்கி ஜனாதிபதியானார். 1963 நவம்பரில் டோகோ நாணய ஒன்றியத்தில் சேர்ந்தது. கானாவில் நிக்ருமா 1966இல் இராணுவத்தால் கவிழ்க்கப்பட்டு, 1972 ஏப்ரல் 27ஆம் திகதி, டோகோவின் சுதந்திர நாளன்று, அந்நிய மண்ணில் இறந்தார். 1967 ஜனவரி 13ஆம் திகதி, அதாவது கொலை நடந்து சரியாக நான்கு ஆண்டுகளில், இரண்டாவது சதி நடந்தது. எயடெமா ஆட்சியைப் பிடித்து 2005இல் சாகும்வரை ஆண்டார். அந்த ஜனவரி 13 நீண்ட காலம் விடுதலை நாளாகக் கொண்டாடப்பட்டது. ஒலிம்பியோவை நேசித்தவர்கள் அன்றைய அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டே துக்கம் காக்க வேண்டியிருந்தது.

ஒலிம்பியோவாலும் நிக்ருமாவாலும் முடியாமற்போனதைப் பிற்காலத்தவர் வேறு வழியில் தொட்டார்கள். எல்லையை அழிக்காமலே அதன் கூர்மையை மழுக்குவது அந்த வழி. கானாவின் அக்கொசொம்போ அணையிலிருந்து 1972 முதல் டோகோவுக்கும் பெனினுக்கும் மின்சாரம் பாய்ந்தது. 1975 மே 28ஆம் திகதி லாகோசில் 15 நாடுகள் மேற்கு ஆபிரிக்கப் பொருளாதார சமூகத்தை உருவாக்கின. அதற்காக நைஜீரியாவின் இராணுவ ஆட்சித் தலைவர் கோவனோடு சேர்ந்து முன்னின்று உழைத்தவர் அதே எயடெமாதான். வரலாறு சில வேளைகளில் இப்படித்தான் நம்மைச் சங்கடப்படுத்துகிறது. 1979இன் உடன்படிக்கை, அந்த நாடுகளின் குடிமக்கள் விசா இல்லாமல் 90 நாட்கள்வரை அயல்நாட்டில் தங்க வழி செய்தது.

இன்றும் அஃப்லாவோவைத் தாண்டினால் பணம் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் கானாவின் செடி, மறுபக்கம் சீஎப்ஏ பிராங்கு. ஒரே நாணயம் என்ற திட்டம் பல தடவை தள்ளிப்போயிருக்கிறது. 2025 ஜனவரியில் மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் பொருளாதார சமூகத்திலிருந்து விலகின. அயலவர் மீண்டும் முறைத்துக்கொள்ளும் காலம் இது.

ஒலிம்பியோ, நிக்ருமா இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒற்றுமையைப் பற்றித் தலைவர்கள் பேசும்போது நான் இனிமேல் ஒன்றைத்தான் முதலில் கேட்பேன்: சந்தைக்குக் கூடையோடு போகும் பெண்ணுக்குப் பாதை திறந்திருக்கிறதா? 1947இல் நியூயோர்க்கில் ஒலிம்பியோ கேட்டதும் ஏறத்தாழ அதுவே. அதிகாரம் வந்தபின் அந்தக் கேள்வி அவருக்கும் அவருடைய அயலவருக்கும் பின்னால் போய்விட்டது.

அகுவே டோகோ எல்லையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் டோகோ மக்கள் தங்கள் முதலாவது ஜனாதிபதியின் கல்லறையில் ஒரு பூ வைக்க வேண்டுமானால், சுங்கச் சாவடியைக் கடந்துதான் போக வேண்டும்.